ஒரு கப்பலும் நான்கு துறைகளும்

கடல் கடந்து செல்வது என்றால் நம் முன்னோர்க்கு அது பிழைப்பைத் தேடும் பயணம். சென்னைத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களுள் கடற்காற்று வாங்குவதற்காகவே ஏறியவர்கள் அரியர். மூட்டை முடிச்சுகளுடன் ஏறினர். அக்கரை சேரும் நாளை எண்ணிக் காத்திருந்தனர். கப்பல் அவர்களுக்கு ஒரு பாலம். பாலத்தின்மீது குடியிருக்க எவரும் விரும்புவதில்லை.

இன்றோ உலகெங்கும் ஆண்டொன்றுக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் விடுமுறையைக் கழிப்பதற்கென்றே கப்பலேறுகின்றனர். அவர்களுட் பலர், ஏறிய துறையிலேயே ஒரு வாரம் கழித்து இறங்குகின்றனர். பாலமாக இருந்தது ஊராகிவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இதனால் நலம் பெற்றவர் யார்? இதன் விலையைச் செலுத்துபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேட, ஒரே ஒரு கப்பலின் வாழ்வைப் பின்தொடர்ந்து நான்கு துறைகளுக்கு நம் வாசகர்களை அழைத்துச் செல்ல விழைகிறோம்.

செல்வர்களின் பொழுதுபோக்கு

புறப்படுமுன் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். கப்பலில் உல்லாசமாகச் சென்று திரும்பும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. 1844இல் இங்கிலாந்தின் 'பி அண்டு ஓ' நிறுவனம் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டும் பயணங்களை விளம்பரப்படுத்தியது. நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசச் சீட்டு அளித்தது; அவரும் தம் பயண அனுபவங்களை நூலாக எழுதி 1846இல் வெளியிட்டார்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ட் பாலின் என்னும் கப்பல் நிர்வாகி இருந்தார். குளிர்காலத்தில் அட்லாண்டிக் மாகடலைக் கடக்க மக்கள் அஞ்சியதால், அவருடைய நிறுவனத்தின் பெரிய கப்பல்கள் அப்பருவத்தில் போதிய பயணிகளின்றி வாடின. சும்மா கிடக்கும் கப்பலை வெயில் காயும் நாடுகளுக்கு அனுப்பினால் என்ன என்று அவர் எண்ணினார். 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ இரண்டு திங்கள் சுற்றி வந்தது. முயற்சி வெற்றி பெறவே, உல்லாசப் பயணத்துக்கென்றே 'பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ்' என்ற கப்பல் கட்டப்பட்டு 1900இல் நீரில் இறக்கப்பட்டது. அதில் முதல் வகுப்பு மட்டுமே உண்டு. ஏழை எளியவர்க்கு அங்கே இடமில்லை. 1906இல் அக்கப்பல் ஜமைக்காத் தீவருகே பாறையில் மோதி அழிந்தது.

எனினும் பெரும்பாலான பெருங்கப்பல்களின் உண்மைத் தொழில் வேறு. குடியேறச் செல்வோரையும், அலுவல் காரணமாகச் செல்வோரையும், அஞ்சல் மூட்டைகளையும் அக்கரை சேர்ப்பதே அவற்றின் பணி. அத்தகைய கப்பல் ஒன்று பிறந்த துறைக்கே முதலில் செல்வோம்.

முதல் துறை: சேன்-நசேர்

பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் லுவார் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் சேன்-நசேர் நகரம் உள்ளது. கப்பல் கட்டுவதே அவ்வூரின் உயிர்த்தொழில். புகழ்பெற்ற 'நார்மண்டி' கப்பல் உருவானதும் அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் அந்நகரம் குண்டுவீச்சால் இடிபாடாயிற்று. போர் ஓய்ந்தபின் மீண்டும் எழுந்த அவ்வூரில், 1960 மே 11ஆம் நாள், குடியரசுத் தலைவர் தெ கோல் முன்னிலையில் அவருடைய மனைவியார் ஒரு புதிய கப்பலை நீரில் இறக்கினார். அதற்கு நாட்டின் பெயரையே சூட்டினர். 'பிரான்ஸ்' என்பதே அக்கப்பலின் பெயர்.

316 மீட்டர் நீளம். 66,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு. அக்காலத்தில் உலகிலேயே நீளமான பயணிகள் கப்பல் அதுவே. நாற்பதாண்டுகளுக்கு மேல் அச்சிறப்பு அதற்கே உரியதாக இருந்தது. அதில் இரண்டு வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பினர்க்குத் தனி உணவுக்கூடம், தனி நீச்சற்குளம். சாதாரண வகுப்பினர்க்கு வேறு உணவுக்கூடம், வேறு குளம். ஒரே கப்பலில் சென்றாலும் ஒரு வகுப்பார் மறு வகுப்பாரின் பகுதிக்குள் செல்லாதவாறு கதவுகளும் தடுப்புகளும் இருந்தன. அக்கதவை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையில் நாம் அதனை மீண்டும் காண்போம்.

இரண்டாம் துறை: லெ ஆவ்ர்

கட்டி முடிந்த கப்பல், செய்ன் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள லெ ஆவ்ர் துறைமுகத்தைத் தாயகமாகக் கொண்டது. 1944 செப்டம்பரில் குண்டுமழையால் தரைமட்டமான நகரம் அது. ஓகுஸ்து பெரே என்னும் கட்டடக் கலைஞர் அதனைக் கற்காரையால் மீண்டும் எழுப்பினார். மடிந்தோரின் நினைவாக அவர் வடிவமைத்த புனித சூசையப்பர் ஆலயத்தின் 107 மீட்டர் உயரக் கோபுரம், கடலிலிருந்து வருவோர்க்குக் கலங்கரை விளக்கம் போல் முதலில் தென்படும்.

1962 பிப்ரவரி 3ஆம் நாள் 'பிரான்ஸ்' இத்துறையிலிருந்து நியூயார்க் நோக்கித் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. ஐந்து நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. அதன் உணவின் சுவையை உலகம் மெச்சிற்று. ஆயினும் அக்கப்பல் பிறக்கும்போதே அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது எனலாம். 1958 அக்டோபரிலேயே ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கின் குறுக்கே பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டன. ஐந்து நாள் வழியைச் சில மணி நேரத்தில் கடக்க முடியும் என்றான பிறகு, அவசர வேலையுள்ளவர் எவர் கப்பலேறுவார்?

கப்பல் நிறுவனம் பாலின் கண்ட வழியையே பின்பற்றியது. குளிர்காலத்தில் 'பிரான்ஸ்' உல்லாசச் சுற்றுலா சென்றது. 1972இலும் 1974இலும் உலகையே சுற்றி வந்தது. பனாமாக் கால்வாய்க்குள் நுழைய முடியாத அகலமுடையதாதலால், தென் அமெரிக்காவின் கோடிமுனையான கேப் ஹார்னைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. அதன் நீச்சற்குளங்களோ வட அட்லாண்டிக்கின் குளிருக்கு ஏற்பக் கூரைக்கு அடியில் அமைந்தவை. வெயிலைத் தேடிவந்த பயணிகளுக்கு அவை உகந்தனவாக இல்லை. பாலமாகக் கட்டப்பட்டதை ஊராக மாற்றுவது எளிதன்று.

1973இன் இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியது. அரசு தன் மானியத்தை நிறுத்த முடிவு செய்தது. 1974 செப்டம்பரில், கப்பல் லெ ஆவ்ரை நெருங்கியபோது, வேலையிழக்கவிருந்த ஊழியர்கள் அதனைத் துறைமுகத்தின் நுழைவாயிலிலேயே நிறுத்திப் போராடினர். பயணிகள் வேறு கப்பலில் கரை சேர்க்கப்பட்டனர். போராட்டம் பலனளிக்கவில்லை. துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில் கப்பல் கட்டிப்போடப்பட்டது. அவ்விடத்தை ஊரார் 'மறதித் துறை' என்று அழைத்தனர். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் துறை: மயாமி

அதே காலத்தில், அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மயாமி துறைமுகத்திலிருந்து, 1966 டிசம்பரில் 'சன்வர்டு' என்ற கப்பல் அருகிலுள்ள பஹாமாஸ் தீவுகளுக்குச் சில நாள் பயணங்களைத் தொடங்கியது. நார்வே நாட்டைச் சேர்ந்த நூட் குளோஸ்டர் என்பவரும், இஸ்ரேலிலிருந்து வந்த டெட் அரிசன் என்பவரும் சேர்ந்து நடத்திய தொழில் அது. பின்னர் இருவரும் பிரிந்தனர். அரிசன் 1972இல் 'கார்னிவல்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முதற்கப்பல் முதற் பயணத்திலேயே மயாமி கால்வாயின் மணல்திட்டில் தரைதட்டி நின்றது. அந்நிறுவனமே இன்று உலகின் மிகப்பெரிய உல்லாசக் கப்பல் குழுமமாக வளர்ந்திருக்கிறது.

இவர்கள் கண்டுகொண்ட உண்மை எளியது. செல்வர்க்கு இரண்டு திங்கள் ஓய்வு உண்டு. அலுவலகத்திலும் ஆலையிலும் வேலை செய்வோர்க்கு ஒரு வாரமே உண்டு. ஒரு வாரத்துக்குள் முடியும் பயணத்தை, அவர்கள் கொடுக்கக்கூடிய விலையில், வெயில் காயும் கடலில் அளித்தால் கப்பல் நிறையும். பயணிகளைத் துறைமுகம்வரை கொண்டுவந்து சேர்க்க விமானமே உதவும். கப்பலின் தொழிலைக் கெடுத்த விமானம் இப்போது அதற்குத் துணையாயிற்று. 1977இல் தொடங்கிய 'லவ் போட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், கப்பலைக் கண்டிராத குடும்பங்களுக்கும் அந்த ஆசையை ஊட்டியது.

1979இல் குளோஸ்டர், மறதித் துறையில் கிடந்த 'பிரான்ஸ்' கப்பலை ஒரு கோடியே எண்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். அதைப் புதுப்பிக்க ஆன செலவு விலையைவிடப் பன்மடங்கு. விரைவு தேவையில்லை என்பதால், நான்கு சுழலிகளில் இரண்டை அகற்றி, இயந்திர அறைகளில் ஒன்றையும் மூடினர். திறந்தவெளியில் நீச்சற்குளம் அமைத்தனர். சூதாட்டக் கூடமும் கடைவீதியும் உருவாயின. குளிருக்கு அடைத்த நடைபாதைகள் இரண்டுக்கு நியூயார்க், பாரிஸ் நகரங்களின் புகழ்பெற்ற வீதிகளின் பெயர்களைச் சூட்டினர். 'நார்வே' என்ற புதுப் பெயருடன் 1980 ஜூன் மாதம் மயாமியிலிருந்து அது தன் இரண்டாம் வாழ்வைத் தொடங்கியது.

வகுப்புகளைப் பிரித்த கதவு அப்போது அகன்றது. சீட்டு வாங்கிய அனைவரும் எல்லாத் தளங்களிலும் உலவலாம். எல்லாக் கூடங்களிலும் அமரலாம். அறையின் அளவில் வேறுபாடு இருந்தது உண்மையே. ஆயினும் ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும், ஒரு காலத்தில் செல்வர் மட்டுமே மிதித்த படிகளில் ஏறினர். இதனை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. உழைக்கும் குடும்பத்துக்கும் ஓய்வு உரியது. கடலின் அழகு ஒரு சிலரின் சொத்தன்று.

மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. அக்கப்பல் ஆழமாக மிதந்ததால் சிறு தீவுகளின் துறைகளை அணுக இயலவில்லை. தொலைவில் நங்கூரமிட்டு, தன் முன்தளத்தில் சுமந்து சென்ற இரண்டு படகுகளில், படகொன்றுக்குச் சுமார் 400 பேராகக் கரைக்கு அனுப்பியது. தொடக்கத்தில் ஏழு நாள் பயணத்தில் கரை கண்ட நாள்கள் ஓரிரண்டே. அதற்காகப் பயணிகள் வருந்தவில்லை. ஆடலும் பாடலும் விருந்தும் கப்பலிலேயே இருந்தன. ஊர்களைக் காணச் செல்வதற்கு மாறாகக் கப்பலையே காணச் செல்லும் வழக்கம் இங்கே வேரூன்றியது. 1977இலேயே குளோஸ்டரின் நிறுவனம் பஹாமாஸில் ஒரு தீவைத் தன் பயணிகளுக்கென வாங்கியிருந்தது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் தமக்கெனத் தனிக் கடற்கரைகளை வைத்துள்ளன. பயணி அங்கே இறங்குகிறார். ஆனால் அந்நாட்டு மக்களின் வாழ்வைக் காணாமலே திரும்பிவிடுகிறார்.

கதவுக்குக் கீழே

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரப் பயணத்தை முடித்த 'நார்வே' அதிகாலையில் மயாமி துறையை வந்தடைந்தது. பயணிகள் பலர் இன்னும் உறக்கத்தில் இருந்தனர். அந்நேரத்தில் அடித்தளத்தில் கொதிகலன் ஒன்று வெடித்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் சேன்-நசேரில் பொருத்தப்பட்ட கொதிகலன் அது. பீறிட்ட நீராவியால் ஊழியர் எட்டுப் பேர் உயிரிழந்தனர். பத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோருட் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டினர். பயணிகளுள் ஒருவர்க்கும் உயிரிழப்பு இல்லை.

அமெரிக்க அரசின் விபத்து விசாரணைக் குழு, கொதிகலனின் பராமரிப்பும் சோதனையும் குறைபாடுடையனவாக இருந்ததே காரணம் என்று கண்டது. 2008இல் கப்பல் நிறுவனம் அலட்சியக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். பயணிகளுக்கிடையே இருந்த கதவு 1980இல் அகன்றது மெய். ஆனால் கப்பலில் வேறொரு கதவும் இருந்தது. ஓய்வெடுப்போர்க்கும் அவர்களுக்காக உழைப்போர்க்கும் இடையே உள்ள கதவு அது. அது அகலவில்லை. கப்பல்கள் பெருகப் பெருக அது இன்னும் கனமாயிற்று. 1974இல் லெ ஆவ்ரில் போராடிய ஊழியர்கள் பிரெஞ்சுச் சட்டத்தின் காப்பில் இருந்தவர்கள். பின்னாளில் உல்லாசக் கப்பல்கள் பல, பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிட்டன. 'நார்வே'யும் பஹாமாஸில் பதிவாயிற்று. உரிமையாளர் ஒரு நாட்டினர், கொடி மற்றொரு நாட்டினுடையது, ஊழியரோ ஏழை நாடுகளின் மக்கள். பயணச் சீட்டின் விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்பணித் தொழிலாளர் உடன்படிக்கை சில காப்புகளை அளிக்கிறது. அதன்படி ஊழியர்க்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். இந்தக் கணக்கைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். வாரத்தில் 91 மணி நேரம் ஓய்வின்றி இருக்கவும் அது இடம் தருகிறது. பயணிக்கு ஏழு நாளும் விடுமுறை. பரிமாறுபவர்க்கோ பல திங்கள் நீளும் ஒப்பந்தக் காலத்தில் முழுநாள் விடுமுறை கிடைப்பது அரிது.

2020 பிப்ரவரியில் கொரோனா நோயால் ஜப்பானின் யோகோஹாமாத் துறையில் நிறுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்செஸ்' கப்பலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் இருந்த 3,711 பேரில் 700க்கு மேற்பட்டோரை நோய் பற்றியது. பயணிகள் தத்தம் அறைக்குள் அடைபட்டிருக்க, ஊழியர்களே அறை அறையாக உணவு கொண்டு சென்றனர். அவ்வூழியர்களில் 132 பேர் இந்தியர்.

நான்காம் துறை: அலங்

வெடிப்புக்குப் பிறகு 'நார்வே' மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. இழுவைக் கப்பலால் ஜெர்மனிக்கும், பின் மலேசியாவுக்கும் இழுத்துச் செல்லப்பட்டது. பங்களாதேஷ் அதனை ஏற்க மறுத்தது. 2006இல், 'புளூ லேடி' என்ற இறுதிப் பெயருடன், குஜராத் மாநிலத்தின் அலங் கரையை அடைந்தது.

காம்பே வளைகுடாவில் கடல் நீர் ஏறியிறங்கும் அளவு மிகப் பெரிது. நீர் ஏறும் வேளையில் கப்பலை விசையுடன் கரைமீது ஏற்றுவர். நீர் வடிந்தபின் அது சேற்றுமண்ணில் நிற்கும். 1983 முதல் இவ்வாறு கப்பல்களை உடைக்கும் தொழில் அங்கே நடக்கிறது. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களே அங்குள்ள தொழிலாளர்.

'பிரான்ஸ்' கட்டப்பட்ட காலத்தில், தீயைத் தடுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஏராளமாகப் பயன்பட்டது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே இக்கப்பலை உடைக்கலாமா என்ற வழக்கு நம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2007 செப்டம்பரில் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. செல்வர்கள் விருந்துண்ட கூடங்களை, அன்றாடக் கூலி பெறும் கைகள் துண்டு துண்டாக வெட்டின. கப்பலின் மூக்கு போன்ற முன்முனை மட்டும் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு 2009இல் ஏலம் போயிற்று. இன்று அது லெ ஆவ்ர் துறைமுகத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அலங்கில் அதற்கு ஒரு சின்னமும் இல்லை.

உடைப்போரின் நலனுக்கும் சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. கப்பல் உடைப்பைப் பற்றிய ஹாங்காங் உடன்படிக்கையில் இந்தியா 2019இல் இணைந்தது. 2025 ஜூன் மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

மீண்டு வந்த கதவு

சேன்-நசேரில் இன்றும் கப்பல்கள் கட்டப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை உல்லாசக் கப்பல்களே. பின்லாந்தில் கட்டப்பட்டு 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஆப் தி சீஸ்' 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. கொள்ளளவில் 'பிரான்ஸ்' போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதில் 7,600 பயணிகள்வரை செல்லலாம். ஊழியர் 2,350 பேர். இத்தகைய கப்பல்களின் கூட்டத்தைத் தாங்க முடியாமல் சில நகரங்கள் தம் வாயிலை அடைக்கின்றன. வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கத்தை ஒட்டிய நீர்வழியில் பெருங்கப்பல்கள் செல்வதற்கு இத்தாலி அரசு 2021 ஆகஸ்ட் முதல் தடை விதித்தது.

அகன்றுபோன பழைய கதவும் திரும்பி வந்துவிட்டது. 2008 முதல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் கப்பல்களில் 'யாட் கிளப்' என்ற தனிப் பகுதியை அமைத்து வருகிறது. பிற நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. கூடுதல் விலை கொடுத்தவரின் கையிலுள்ள அட்டைக்கு மட்டுமே அதன் வாயில் திறக்கும். தனிக் குளம், தனி உணவுக்கூடம் எல்லாம் அங்குண்டு. 1962இன் முதல் வகுப்பு வேறு பெயருடன் வந்திருக்கிறது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 'எம்பிரஸ்' என்னும் அக்கப்பல் 1990இல் கட்டப்பட்ட இடம் சேன்-நசேரே. மயாமியிலிருந்து பஹாமாஸுக்குச் சில நாள் பயணங்கள் செல்வதற்கென்றே உருவானது அது. நம் குடும்பங்களும் திருமண நாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் இத்தகைய பயணங்களைத் திட்டமிடும் காலம் வந்துவிட்டது. நம் இளைஞர் பலர் இத்தகைய கப்பல்களில் சமையலறையிலும் அறைப் பணியிலும் இயந்திரப் பகுதியிலும் வேலை செய்கின்றனர். கதவின் இருபுறமும் இப்போது நம்மவரே இருக்கின்றனர்.

ஆகவே, கப்பலேறும் வாய்ப்புப் பெறுவோர் மகிழ்ச்சியுடன் செல்லட்டும். ஆனால் அறையைத் துப்புரவு செய்பவரின் பெயரை முதல் நாளே கேட்டறியட்டும். தம் பிள்ளைகளும் அப்பெயர் சொல்லி மரியாதையுடன் அழைக்கப் பழக்கட்டும். பணியாளர்க்கெனத் தரும் அன்பளிப்பில் கணக்குப் பார்க்காதிருக்கட்டும். பிள்ளைகளைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோர், ஒப்பந்தத்தில் ஓய்வு நேரமும், நோயுற்றால் மருத்துவமும், ஊர் திரும்பும் செலவும் எழுதப்பட்டுள்ளனவா என்று கையொப்பமிடுமுன் படித்துப் பார்க்கட்டும். 1920இல் கிளாஸ்கோ நகரில் திருச்சபையார் தொடங்கிய கடற்பணியாளர் சேவை, 'ஸ்டெல்லா மாரிஸ்' என்ற பெயரில் இன்று பல நாட்டுத் துறைமுகங்களில் மாலுமிகளை வரவேற்கிறது. சில மணி நேரமே கரையிறங்கும் ஊழியர் ஒருவர்க்கு, வீட்டாரோடு பேசவும் சற்றே அமரவும் ஓர் இடம் இருப்பது பெரிய ஆறுதல்.

2003ஆம் ஆண்டு அந்த ஞாயிறு காலையில் மேல் தளங்களில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு வாரம் மகிழ்ந்திருந்து, வீடு திரும்பக் காத்திருந்த குடும்பங்களே அவை. அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே: தங்கள் ஓய்வைச் சுமந்தவர்கள் எத்தனை தளங்களுக்குக் கீழே, எந்த நிலையில் இருந்தனர் என்பது. நமக்கோ அது தெரியும்.